காரீயத்தை அளத்தல்: மாதிரி எடுப்பதிலிருந்து அறிக்கை வரை

ஈயம் என்ற ஒரே சொல் தமிழில் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பை வார்ப்பதும் வெள்ளீயம். பேட்டரிக்குள் இருக்கும் தட்டும், மீன்வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் குண்டும் காரீயம். வெள்ளீயத்தால் உடலுக்குப் பெரிய கேடில்லை. காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இந்த அளவு வரை பாதகமில்லை என்று சொல்ல அதற்கு ஒரு வரம்பே கண்டறியப்படவில்லை. வெள்ளீயத்தின் விலை அதிகம் என்பதால் பூச்சிலும் சொம்பிலும் காரீயம் கலப்பதும் உண்டு. புளிப்பான ரசத்தில் அது கரைந்து இறங்கும். ஆகவே மாதிரிச் சீட்டிலும் ஆய்வகத்துக்கு எழுதும் கடிதத்திலும் ‘ஈயம்’ என்று பொதுவாக எழுதாமல் ‘காரீயம், அணு எண் 82’ என்று எழுதுவது நல்லது. இந்த அத்தியாயத்தில் இனி ஈயம் என்று வருவதெல்லாம் காரீயமே.

அளக்கத் தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டிய எண்கள் சில. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 10500 தரம் 2012-இல் குடிநீருக்கு விதித்த வரம்பு ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம். 1991-இல் வந்த பழைய தரத்தில் இது 0.05 மில்லிகிராமாக இருந்தது. காற்றில் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமும், 24 மணி நேரச் சராசரி 1 மைக்ரோகிராமும் 2009-ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத்தர அளவுகள். வீட்டுப் பெயின்ட்டில் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. மண்ணில் இயற்கையாகவே கிலோவுக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை ஈயம் இருப்பது வழக்கம். வீட்டு மண்ணில் எச்சரிக்கை கொள்ள வேண்டிய அளவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் 400 மில்லிகிராமிலிருந்து 200 ஆகக் குறைத்தது. மண்ணில் மில்லிகிராம் கணக்கு, தண்ணீரில் மைக்ரோகிராம் கணக்கு. அறிக்கையில் இந்த இரண்டும் இடம் மாறினால் முடிவு ஆயிரம் மடங்கு பிசகும். இப்படிப் பிசகிய அறிக்கைகள் ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்பட்டு வீண் பீதியைக் கிளப்பியதும் உண்டு, வீண் நிம்மதியைத் தந்ததும் உண்டு.

அளவு எங்கே கெடுகிறது

அரை லிட்டர் குடிநீர் வரம்பைத் தொட அதில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தால் போதும். பழைய வீட்டுக் கதவின் பெயின்ட்டில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈயம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 50 மைக்ரோகிராம் எடையுள்ள துணுக்கு ஒன்று அந்த 5 மைக்ரோகிராமைத் தந்துவிடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுள்ள துணுக்கு அது. மாதிரி எடுப்பவரின் நகக்கண்ணில், சட்டைப்பையில், புட்டி மூடியின் விளிம்பில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். சுத்தமான தண்ணீர் கெட்டதென்று பெயர் வாங்க அது ஒன்றே போதும்.

இதை உலகுக்கு உணர்த்தியவர் அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன். பூமியின் வயதைக் கணக்கிட விண்கற்களில் உள்ள ஈயத்தை அளக்கப் போனவருக்கு எண்கள் ஓர் ஒழுங்குக்கு வரவில்லை. ஆய்வகத்தின் தூசி, அமிலம், கண்ணாடிப் பாத்திரம், வேலை செய்பவரின் தலைமுடி என எல்லாவற்றிலிருந்தும் ஈயம் மாதிரிக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் துடைத்துத் துப்புரவாக்கிய அறையில்தான் 455 கோடி ஆண்டு என்ற விடை கிடைத்தது. 1956-இல் அது வெளியானது. பின்னர் அவரும் சக ஆய்வாளர் டோரதி செட்டிலும் சூரைமீனை அதே சுத்தத்தில் அளந்து 1980-இல் முடிவை வெளியிட்டார்கள். பெயர்பெற்ற ஆய்வகங்கள் அதுவரை தந்துவந்த எண்கள் உண்மையைவிடப் பல நூறு மடங்கு கூடுதலாக இருந்தது அப்போது தெரியவந்தது. அந்த ஆய்வகங்களில் கருவிக்குக் குறையில்லை. மாதிரி கருவிக்குப் போகும் முன்பே கெட்டுவிட்டிருந்தது.

எனவே, ஈயத்தை அளப்பதில் துல்லியம் பெரும்பாலும் மாதிரி எடுப்பவர் கையில் இருக்கிறது. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

முதலில் கேள்வி

எங்கே எடுப்பது என்பதற்கு முன் எதற்காக எடுப்பது என்று ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும். ஆண்டிபட்டியை எடுத்துக்கொள்வோம். மதுரை-தேனி சாலை கணவாய் ஏறி இறங்கி ஊருக்குள் வருகிறது. இந்தியாவில் 2000 பிப்ரவரி வரை ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனையில் இருந்தது. மேட்டில் திணறி ஏறிய வண்டிகள் அத்தனை ஆண்டுகளாகக் கக்கிய ஈயம் சாலையோர மேல்மண்ணை விட்டு எளிதில் போகாது. ஊருக்குள் பேட்டரிக்கடைகள், பழைய இரும்புக்கடைகள். சக்கம்பட்டித் தறிக்கூடங்களை ஒட்டிய வீடுகளில் தலைமுறை கண்ட கதவு, ஜன்னல்கள். போர்த்தண்ணீர், மேல்நிலைத் தொட்டித் தண்ணீர், வைகை அணை. ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்வி. ‘ஆண்டிபட்டியில் ஈயம் எவ்வளவு?’ என்று கேட்டால் எந்த ஆய்வகமும் பதில் சொல்ல முடியாது. ‘இந்தப் பேட்டரிக்கடைக்குக் கிழக்கே உள்ள பால்வாடி வளாகத்து மேல்மண்ணில், ஊரின் மற்ற மண்ணைவிட ஈயம் கூடுதலா?’ என்று கேட்டால் சொல்ல முடியும்.

அந்தக் கேள்வியிலேயே ஒப்பீட்டு இடம் ஒன்று அடங்கியிருக்கிறது. அது சாலையை விட்டுச் சில நூறு மீட்டராவது தள்ளி, அதே செம்மண்ணாக, யாரும் பேட்டரி உடைத்திராத, குப்பை எரித்திராத நிலமாக இருக்க வேண்டும். ஒப்பீட்டு மாதிரி இல்லாமல் கிடைத்த 60 மில்லிகிராம் என்ற எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல இயலாது.

மண்

குழந்தையின் கையில் ஒட்டுவது மேல்மண்தான். எனவே மேல் 2 சென்டிமீட்டர் மட்டும் எடுக்க வேண்டும். ஓரடி ஆழம் தோண்டிக் கலந்தால் அடிமண்ணின் சுத்தம் மேல்மண்ணின் அழுக்கை மறைத்துவிடும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும் பகுதி இது. கடையின் தூசி கிழக்கே போய்ப் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். மாதிரி இடங்களைக் காற்றுப் போகும் திசையில் நெருக்கமாகவும், எதிர்த்திசையில் ஒன்றிரண்டாகவும் குறிக்கலாம். முதல் நல்ல மழைக்கு முன்னும் பின்னும் எண்கள் மாறும். எந்த நாளில் எடுத்தது, அதற்கு எத்தனை நாள் முன்பு மழை பெய்தது என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும்.

எடுக்கும் முறை இது. சருகையும் கல்லையும் கையுறை போட்ட விரலால் ஒதுக்கி, பெயின்ட் பூசாத எவர்சில்வர் கரண்டியால், ஒரு சதுர மீட்டருக்குள் ஐந்து இடங்களில் ஒரே அளவு சுரண்டி, ஒரே பாலித்தீன் பையில் போட வேண்டும். அடுத்த இடத்துக்குப் போகும் முன் கரண்டியைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, புதுத் தாளில் துடைக்க வேண்டும். கையுறையை மாற்ற வேண்டும். ஈயம் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கும் இடத்தில் தொடங்கி, கூடுதலாக இருக்கும் இடத்தில் முடிக்க வேண்டும். பேட்டரிக்கடை வாசலில் தொடங்கிப் பால்வாடியில் முடிப்பவர் கடையின் ஈயத்தைத் தன் கையாலேயே பால்வாடிக்குக் கொண்டுபோகிறார்.

மண்ணில் ஈயம் சீராகப் பரவி இருப்பதில்லை. ஆய்வகம் கரைப்பது அரை கிராம் மண்ணை மட்டும். அதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈயமுள்ள ஒரு மில்லிகிராம் பெயின்ட் சிதறல் விழுந்தால் முடிவு கிலோவுக்கு 200 மில்லிகிராம் கூடிவிடும். விழாவிட்டால் கூடாது. ஒரே பையிலிருந்து இரண்டு முறை எடுத்து இரண்டு விதமான எண் வருவது இதனால்தான். மண்ணைக் காற்றில் உலர்த்தி, சலித்து, நன்றாக அரைத்து, பையின் எல்லா மூலையிலிருந்தும் சிறுகச் சிறுக எடுப்பதே இதற்கு மருந்து. கையில் ஒட்டும் மண்ணே கேள்வி என்றால் 150 மைக்ரான் சல்லடையில் விழும் நுண்மண்ணை மட்டும் எடுக்கலாம். ஈயம் நுண்மண்ணில் கூடுதலாகச் சேரும் என்பதால், எந்தச் சல்லடை என்று எழுதாத முடிவை இன்னொரு முடிவோடு ஒப்பிட முடியாது. ஈர மண்ணில் 200 என்று வந்தால், அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் என்றால், உலர்ந்த மண்ணுக்கு அது 250. அறிக்கையில் ‘உலர் எடை’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீர்

போரிலோ அணையிலோ உள்ள தண்ணீரில் ஈயம் இல்லாமலே வீட்டுத் தண்ணீரில் ஈயம் இருக்க முடியும். பித்தளைக் குழாய்த்திருகில் ஈயம் கலப்பது உண்டு. பிவிசி குழாயை உறுதிப்படுத்தவும் ஈய உப்புகள் சேர்க்கப்பட்டு வந்தன. அதைக் கட்டுப்படுத்தும் மத்திய அரசின் விதி 2021-இல்தான் வந்தது. இரவு முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீர் ஒன்று, ஐந்து நிமிடம் திறந்துவிட்ட பின் வருவது வேறொன்று. குடும்பம் காலையில் குடிப்பதை அறிய, குறைந்தது 6 மணி நேரம் குழாயைத் தொடாமல் வைத்து, விழும் முதல் தண்ணீரையே பிடிக்க வேண்டும். போரின் தண்ணீரை அறிய, நன்றாக ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் மாதிரிக்கு முந்திய நாள் குழாயை ஓடவிடும்படி மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. 2015-இல் எடுத்த 71 மாதிரிகளில் இரண்டு கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அந்த இரண்டும் போனதும் ஊரின் எண் சட்ட வரம்புக்குள் வந்துவிட்டது. வசதியான எண்ணைத் தேடினால் அது கிடைத்துவிடும். மாதிரிகளில் எதையும் விலக்குவதில்லை என்று முன்கூட்டியே எழுதி வைப்பதே இதற்குக் காவல்.

புட்டி பாலித்தீனாக இருக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து அலசியதாக ஆய்வகமே தர வேண்டும். பழைய மினரல் வாட்டர் புட்டி உதவாது. ஈயம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கச் சுத்தமான நைட்ரிக் அமிலம் சேர்த்துத் தண்ணீரின் பிஎச் அளவை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அதன்பின் 16 மணி நேரமாவது விட்டுத்தான் அளக்க வேண்டும். ஆண்டிபட்டியிலிருந்து மதுரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அமிலம் சேர்க்காத புட்டி பஸ்ஸில் அந்தத் தூரம் போய், மேசையில் இரண்டு நாள் உட்கார்ந்தால், தண்ணீரில் இருந்த ஈயத்தில் ஒரு பகுதி சுவரிலேயே தங்கிவிடும். கரைந்த ஈயம் மட்டும் வேண்டும் என்றால் அமிலம் சேர்க்கும் முன்பே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிக்க வேண்டும். அமிலம் சேர்த்த பின் வடித்தால் துகளிலிருந்த ஈயமும் கரைந்து உள்ளே வந்துவிடும்.

விநாயகர் சதுர்த்திச் சிலைகள் கரையும் நீர்நிலைகளுக்கு மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல், கரைப்பதற்கு முன், கரைக்கும்போது, கரைத்த பின் என மூன்று கட்டமாக மாதிரி எடுக்கச் சொல்கிறது. இது எல்லாத் தண்ணீர் ஆய்வுக்கும் பொருந்தும் நல்ல பழக்கம். பின்னால் எடுத்த ஒரு புட்டி மட்டும் இருந்தால் எதையும் நிறுவ முடியாது.

வெற்று மாதிரி

அளவீட்டின் நேர்மையைக் காப்பது வெற்று மாதிரி. காய்ச்சி வடித்த தூய நீரை ஒரு புட்டியில் களத்துக்கே கொண்டுபோய், அங்கே திறந்து, மற்றொரு புட்டியில் ஊற்றி, அதே அமிலம் சேர்த்து, அதே பெட்டியில் வைத்து, எண் மட்டும் இட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எது வெற்று மாதிரி என்று ஆய்வகத்துக்குத் தெரியக்கூடாது. அதில் 4 மைக்ரோகிராம் வந்தால், வீட்டுத் தண்ணீரில் வந்த 6 மைக்ரோகிராமை நம்ப முடியாது. பத்து மாதிரிக்கு ஒரு வெற்று மாதிரி, ஒரே இடத்தில் இரண்டு முறை எடுத்த இரட்டை மாதிரி ஒன்று என்பது சிக்கனமான கணக்கு. இரட்டையில் இரண்டு எண்களும் தண்ணீரில் நூற்றுக்கு 20-க்கு மேல் விலகினால் மீண்டும் எடுக்க வேண்டும். செலவு கருதி வெற்று மாதிரியை விட்டுவிடுவது, தராசின் முள்ளைப் பார்க்காமல் எடை போடுவதற்குச் சமம். பணம் போதாவிட்டால் மாதிரி இடங்களைக் குறைக்கலாம். வெற்று மாதிரியைக் குறைக்கக் கூடாது.

காற்றும் கையடக்கக் கருவியும்

காற்றில் ஈயத்தை அளக்க 24 மணி நேரம் வடிதாளின் வழியே காற்றை இழுத்து, தாளில் படிந்ததைக் கரைத்து அளப்பார்கள். ஆண்டுச் சராசரி என்று சொல்ல வாரத்துக்கு இருமுறை வீதம் ஆண்டில் 104 அளவீடுகள் வேண்டும். ஒருநாள் அளவை ஆண்டு வரம்போடு ஒப்பிடுவது தவறு. பயன்படுத்தாத வடிதாள் ஒன்றையும் வெற்றுத் தாளாகச் சேர்த்து அனுப்ப வேண்டும்.

எக்ஸ்-கதிர் வீசி நிமிடத்தில் எண் சொல்லும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி, எங்கே மாதிரி எடுப்பது என்று தேடுவதற்கு மிக நல்லது. அதன் எண்ணை அப்படியே முடிவாக எழுதக்கூடாது. ஈயம் உமிழும் முக்கியக் கதிரின் ஆற்றல் 10.55 கிலோ எலக்ட்ரான் வோல்ட். ஆர்செனிக் உமிழ்வது 10.54. கருவிக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஈயத்தின் 12.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஈரம் நூற்றுக்கு 20-ஐத் தாண்டிய மண்ணில் அது குறைத்துக் காட்டும். கருவியால் பார்த்த இடங்களில் சிலவற்றையாவது ஆய்வகத்துக்கு அனுப்பி, இரண்டு எண்களும் சேர்ந்து போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியவை

மாவட்ட அளவிலான குடிநீர் ஆய்வகங்களில் வழக்கமாகப் பார்ப்பது உப்பு, கடினத்தன்மை, ஃப்ளூரைடு, நைட்ரேட் போன்றவற்றை. ஈயத்தைத் தனியாகக் கேட்டு, அதற்கான கருவி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சுடரில் எரித்து அளக்கும் அணு உட்கவர் முறை மண்ணுக்குப் போதும். குடிநீரின் 10 மைக்ரோகிராமை நம்பகமாக அளக்கப் போதாது. அதற்குக் கிராஃபைட் உலை அல்லது ஐசிபி-எம்எஸ் கருவி வேண்டும். ஐசிபி-எம்எஸ்ஸில் ஈயத்தின் 206, 207, 208 ஆகிய மூன்று ஐசோடோப்புகளையும் கூட்டித்தான் கணக்கிட வேண்டும். ஈயம் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்து இவற்றின் விகிதம் மாறும்.

கணக்கு எளிது. அரை கிராம் மண்ணை அமிலத்தில் கரைத்து 50 மில்லிலிட்டராக்கி, கருவி லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டினால் மண்ணில் கிலோவுக்கு 200 மில்லிகிராம். மண்ணே போடாமல் அதே அமிலத்தைக் கரைத்துப் பார்த்ததில் 0.1 வந்திருந்தால், 200-இல் 10 ஆய்வகத்தின் சொந்த ஈயம். அதைக் கழித்தார்களா என்று கேட்க வேண்டும். அளவு உறுதி செய்யப்பட்ட சான்றளிப்பு மண் ஒன்றையும் கூடவே கரைத்து, சரியான எண் வந்ததா என்று காட்டச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மான்டானா மண்ணான எஸ்ஆர்எம் 2711ஏ-யில் கிலோவுக்கு 1400 மில்லிகிராம் ஈயம் உள்ளது. தேசிய இயற்பியல் ஆய்வகம் பாரதிய நிர்தேசக் திரவியம் என்ற பெயரில் இந்தியச் சான்றளிப்புப் பொருள்களை வெளியிடுகிறது. தெரிந்த அளவு ஈயத்தை மாதிரியில் சேர்த்து, அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. நூற்றுக்கு 60 மட்டும் திரும்பினால் மாதிரியின் முடிவும் அதே அளவு குறைந்திருக்கிறது என்று பொருள்.

அறிக்கையில் மிகவும் ஏமாற்றும் சொல் ‘கண்டறியும் வரம்புக்குக் கீழ்’. ஆய்வகத்தின் கண்டறியும் வரம்பு 0.05 மில்லிகிராமாக இருந்தால், குடிநீர் வரம்பைப் போல நான்கு மடங்கு ஈயம் இருந்தாலும் அறிக்கை அதையேதான் சொல்லும். பழைய தரத்துக்கு ஏற்ற முறையை மாற்றாமல் வைத்திருக்கும் இடங்களில் இது நேரும். கண்டறியும் வரம்பு எண்ணாக அச்சிடப்படாத அறிக்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்த எண் சட்ட வரம்பில் பத்தில் ஒரு பங்காக இருப்பது நல்லது.

சட்டத்தின் முன் நிற்கும் எண்

2015 ஜூன் முதல் வாரத்தில் மேகி நூடுல்ஸ் விற்பனைக்குத் தமிழ்நாடும், மறுநாள் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் தடை விதித்தது பலருக்கும் நினைவிருக்கும். அனுமதிக்கப்பட்ட 2.5 பிபிஎம்முக்கு எதிராக 17.2 பிபிஎம் ஈயம் என்றது கொல்கத்தா ஆய்வக அறிக்கை. ஆகஸ்ட் 13-இல் மும்பை உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. சோதித்த ஆய்வகங்கள் உரிய அங்கீகாரம் பெற்றவை அல்ல என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. மொகாலி, ஹைதராபாத், ஜெய்ப்பூரில் உள்ள அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மறுசோதனை நடந்தது. முடிவுகள் வரம்புக்குள் இருந்தன. ஒரு நாடே விவாதித்த எண் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. ஆய்வகச் சுவரில் சான்றிதழ் மாட்டியிருப்பது போதாது. ‘மண்ணில் காரீயம்’, ‘நீரில் காரீயம்’ என்று அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஊரார் எடுத்த மாதிரி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வழக்குக்கு அது மட்டும் போதாது. 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 21-ஆவது பிரிவின்படி, மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி அறிவிப்புக் கொடுத்து, எதிர்த்தரப்பின் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். ஊராரின் முடிவு, தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தை வந்து மாதிரி எடுக்கவைக்கும் மனுவுக்கு இணைப்பாகப் பயன்படும். அந்த இணைப்பில் வெற்று மாதிரியின் எண்ணும் இருந்தால் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம்.

மண்ணில் ஈயம் உறுதியானால் அடுத்த கேள்வி குழந்தைகளின் ரத்தம். விரல் நுனியில் குத்தி எடுக்கும் துளியில் தோலின் மண்ணும் சேரும். கையைச் சோப்பால் கழுவிய பின்னும் அளவு கூடுதலாக வந்தால், சிரையில் எடுத்த ரத்தத்தால் உறுதி செய்ய வேண்டும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறதென்று கண்டறிந்து அதை நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு.

ஒவ்வொரு மாதிரிக்கும் இடம், நாள், நேரம், மழை, எடுத்தவர் பெயர், எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்ற விவரம் பேனாவால் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆய்வகத்தில் மிஞ்சிய மண்ணைத் திருப்பிக் கேட்டு வாங்கி, பையோடு புட்டியில் அடைத்து, அதே எண்ணை ஒட்டி ஈரம் படாத இடத்தில் வைக்க வேண்டும். அமிலம் சேர்த்த தண்ணீரை ஆறு மாதம் வைத்திருக்கலாம். ஈயம் மக்காது, ஆவியாகாது. உலர்ந்த மண்ணைப் பத்து ஆண்டு கழித்து வேறோர் ஆய்வகத்தில் கொடுத்தாலும் அளக்கலாம்.